உன் தோளுக்கு ஏற்ற துவக்கு

எல்வரும்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மருமகளுக்கு,

உன் செய்தி வியாழன் இரவு வந்தது. வேட்டைச் சோதனையில் தேறிவிட்டாய் என்று வாசித்ததும் மாமியைக் கூப்பிட்டேன். அவ அடுப்பை நூர்த்துவிட்டு வந்து, இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. எங்கள் குடும்பத்தில் இந்த நாட்டு வேட்டைப் பத்திரம் எடுத்த இரண்டாவது ஆள் நீ. முதல் ஆள் நான். இத்தனை வருசமாக இந்தக் காட்டுக்கதையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தவனுக்கு இது எவ்வளவு சந்தோசம் என்று உனக்கு விளங்கும்.

ஆனால் செய்தியின் கடைசி வரியில் என் மனம் நின்றுவிட்டது. உங்கள் வேட்டைக் குழுவில் ஒருவர் தன் .300 வின்செஸ்டர் மாக்னத்தைப் பாதி விலைக்குத் தருகிறாராம். "எல்க் பெரிய மிருகம்தானே மாமா, பெரிய துவக்காக வாங்குவதுதானே புத்தி?" என்று கேட்டிருந்தாய். அதை வாங்காதே பிள்ளை. ஏன் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ மெல்லக் கதைத்தால் என் இடது காதில் பாதிதான் விழுகிறது. அந்தக் காதுக்குள் இரவு பகலாக ஒரு சில்வண்டு வேறு கத்திக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு மாக்னத்துக்கும் தொடர்பு உண்டு. அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

நான் 1987இல் நோர்வேயின் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்து இறங்கியவன். பத்து வருசத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் வந்தபோது, என்னோடு மர ஆலையில் வேலை செய்தவர்கள்தான் என்னைத் தங்கள் வேட்டைக் குழுவில் சேர்த்தார்கள். துவக்கு வாங்கக் கடைக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. கடைக்காரர் என் உயரத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. எல்க்குக்கு என்றால் இதுதான் என்று ஒரு .300 மாக்னத்தை எடுத்து மேசையில் வைத்தார். எடை குறைந்த துவக்கு, நீண்ட குழல், பளபளப்பு. எனக்கும் அது பிடித்துப்போயிற்று. இந்தக் குளிர்நாட்டு ஆண்களுக்கு நடுவில் நானும் ஒரு ஆளாக நிற்கலாம் என்று ஒரு நினைப்பு. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

முதல் நாள் வெடி வைத்தபோது தோள் கன்றியது. மூன்றாம் நாள் புருவத்தில் ஸ்கோப் அடித்து இரத்தம் வந்தது. சோதனைச் சூட்டில் ஐந்து ரவையும் வட்டத்துக்குள் விழுந்தன, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான். அதற்குப் பிறகு நான் அந்தத் துவக்கை வேட்டைக்காலத்தில் மட்டுமே தொட்டேன். பயிற்சிக்குப் போகாததற்கு நேரம் இல்லை, ரவை விலை என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் பயம்.

மூன்றாவது வருசம், ஒக்டோபர் தொடக்கம். பாசி முழுக்க உறைபனி. எழுபது மீட்டரில் ஒரு பெண் எல்க், பக்கவாட்டாக, அசையாமல் நின்றது. அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவருக்கும் கிடைக்காது. நான் விசையை அழுத்தவில்லை, பிடுங்கினேன். வெடி கேட்பதற்கு முன்னமே என் கண் மூடிவிட்டது. எல்க் முதுகை வளைத்துக்கொண்டு மெல்ல நடந்து மரங்களுக்குள் போனது. அது நின்ற இடத்தில் கொஞ்ச மயிரும், வெளிறிய பாசியின்மேல் பச்சையும் மண்ணிறமுமாக ஒரு இழுவலும் கிடந்தன. நெஞ்சில் பட்டிருந்தால் நுரைத்த சிவப்பு இரத்தம் இருக்கும். இது வயிறு.

வயிற்றில் பட்ட மிருகத்தை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் அது ஓடிக்கொண்டே இருக்கும். காத்திருந்தோம். பிறகு குழுத் தலைவர் தன் சாம்பல்நிற எல்க்ஹவுண்ட் நாயைக் கயிற்றில் பிடித்துத் தடத்தில் விட்டார். இருட்டும்வரை தேடினோம், கிடைக்கவில்லை. காயப்பட்ட பெருவிலங்கை அன்றும் மறுநாளும் தேடியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அன்றிரவு எனக்கு நித்திரை வந்திருக்காது. மறுநாள் காலையில் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சதுப்பின் ஓரத்தில் அது படுத்திருந்தது. உயிர் இருந்தது. எங்களைக் கண்டு தலையைத் தூக்கிப் பார்த்தது. எழும்ப ஏலவில்லை. தலைவர்தான் கடைசி வெடியை வைத்தார். அந்தப் பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவர் என்னை ஏசவில்லை. அடுத்த சனிக்கிழமை சூட்டுத் திடலுக்குக் கூட்டிப்போனார். என் துவக்கைத் தானே வாங்கி, நான் பார்க்காமல் ரவையை ஏற்றித் தந்தார். சிலதரம் உண்மையான ரவை, சிலதரம் வெடிக்காத வெற்று ரவை. நான் குறி வைத்து அழுத்தினேன். "கிளிக்" என்று வெற்றுச் சத்தம். ஆனால் துவக்கின் வாய் ஒரு சாண் கீழே போய் வந்தது. வராத உதைக்கு என் உடம்பு பயந்து குனிந்திருக்கிறது! எத்தனை கடுமையான வார்த்தையும் எனக்கு அதை இப்படி விளக்கியிருக்காது. பிறகு தன்னுடைய 6.5×55ஐ என் கையில் தந்தார். இருபது ரவை சுட்டேன். இருபதாவதும் முதலாவதைப்போலவே சுகமாக இருந்தது. மாக்னத்தை அந்த மாதமே விற்றுவிட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

எல்க் பெரிய மிருகம்தான். நன்றாக வளர்ந்த ஆண் நானூறு கிலோவைத் தாண்டும். நீ மூன்றாம் இலக்க வீதியால் வரும்போது பார்க்கும் அந்தப் பளபளக்கும் உருக்குச் சிலை பத்து மீட்டர் உயரம். அதைப் பார்த்துப் பார்த்து உங்களுக்கெல்லாம் பயம் கூடிவிட்டதோ தெரியாது. ஆனால் அந்தப் பெரிய உடம்புக்குள் நீ தொடவேண்டிய இடம் ஒன்றுதான்: முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு நுரையீரலும் இருதயத்தின் மேற்பகுதியும் சேருகிற இடம். ஒரு சிறிய சுளகளவு இருக்கும். இரண்டு நுரையீரலையும் ஊடறுத்துப் போகிற சன்னம் எந்த விட்டமானாலும் அந்த எல்க் சில விநாடிகளில் விழும், அல்லது ஐம்பது, நூறு மீட்டர் நடந்து விழும். பட்டதாகவே காட்டாமல் நின்று உன்னைப் பார்க்கவும் கூடும். புதியவர்கள் அந்த நேரம்தான் "பிழைத்துவிட்டது, பெரிய துவக்கு இருந்திருந்தால்..." என்று நினைப்பார்கள். எல்க்கின் உடம்பு பெரியது, இரத்த அழுத்தம் இறங்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். பொறுத்திரு. இன்னொரு வெடி வைக்கலாம் என்றால் வை.

வயிற்றில் பட்டால் .300 மாக்னமும் ஒன்றுதான், அம்மப்பாவின் இடியன் துவக்கும் ஒன்றுதான்.

இடியனைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உன் அம்மா அப்போது சின்னப்பிள்ளை. வன்னியில் பயிர்க்காவலுக்கென்று அனுமதி எடுத்து அப்பா வைத்திருந்தார். குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தும்பை இடித்து, ஈயத்தைப் போட்டு மறுபடி இடிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு வெடி வைத்தால் அடுத்ததற்கு நீண்ட நேரம். பிழைத்தால் பன்றி திரும்பி உன்னிடம் வரும். அதனால் அவர் இருபது அடிக்கு மேல் ஒருநாளும் சுட்டதில்லை. மிருகம் பக்கவாட்டாகத் திரும்பும்வரை மூச்சுப் பிடித்து நிற்பார். திரும்பாவிட்டால் வெறுங்கையோடு வருவார். ஒரு தரம் விடிய விடிய வரம்பில் இருந்துவிட்டு, "நல்லா நிண்டுது, ஆனா எனக்குப் பக்கம் காட்டேல்லை" என்று சொல்லித் தேத்தண்ணி கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உனக்குப் பிடிக்கும். வெள்ளைக்காரர் இலங்கையில் எங்கள் மரையை "எல்க்" என்றுதான் அழைத்தார்கள். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1850களில் வெளியிட்ட வேட்டைப் புத்தகத்தில் மரை முழுக்க எல்க்தான். அங்கே இருந்த பெயர் தப்பு, இங்கே இருப்பது உண்மையான எல்க். ஆனாலும் பெயர் எங்களுக்கு முன்னமே ஊருக்கு வந்துபோயிருக்கிறது என்று நினைக்கும்போது ஏதோ ஒரு சொந்தம்.

சரி, எந்த ரவை? சட்டத்திலிருந்து தொடங்கு. நோர்வேயில் எல்க்குக்குச் சன்னம் விரிகிற வகையாக, 9 கிராமுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். 9க்கும் 10க்கும் இடையில் எடை என்றால் 100 மீட்டரில் அதன் சக்தி 2700 ஜூலாவது இருக்க வேண்டும். 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2200 போதும். வகுப்பில் படித்திருப்பாய். ஆனால் அந்த எண்களுக்குள் இருக்கிற செய்தியை வகுப்பில் சொன்னார்களோ தெரியாது. சட்டம் எழுதியவர்கள் பாரத்துக்குச் சலுகை தருகிறார்கள். வேகம் குறைந்தாலும் பாரமான சன்னம் ஆழமாகப் போகும் என்பது அவர்கள் கணக்கு. 6.5×55இல் 140 கிரெயின் சன்னம் 9 கிராமைத் தாண்டும், ஆனால் வழக்கமான பெட்டி ரவையில் அது 2700ஐ எட்டாது. அதே துவக்கில் 156 கிரெயின் போட்டால் 10.1 கிராம், 2200ஐத் தாராளமாகத் தாண்டும். ஒரே துவக்கு, ஒரு பெட்டி சட்டத்துக்குள், இன்னொரு பெட்டி சட்டத்துக்கு வெளியே. கடையில் பெட்டியைத் திருப்பி வாசிக்காமல் வாங்காதே.

இந்த நாட்டில் 6.5×55க்கு இருக்கிற மரியாதையை நீ கண்டிருப்பாய். சுவீடனும் நோர்வேயும் ஒரே அரசரின்கீழ் இருந்த காலத்தில், 1894இல், இரண்டு நாட்டுப் படைக்கும் பொதுவாக வந்த ரவை அது. கொங்ஸ்பெர்க்கில் செய்த கிராக்-யோர்கென்சன் துவக்குக்கு அதுதான். நூற்றிமுப்பது வருசமாக இந்தக் காடுகளில் எல்க் விழுத்திக்கொண்டிருக்கிறது. உதை குறைவு. ஒல்லியான நீண்ட சன்னம் என்பதால் எலும்பையும் தசையையும் தாண்டி ஆழமாகப் போகும். என் கையில் இப்போதும் அதுதான். ஆனாலும் உனக்கு நான் சொல்வது அது அல்ல.

உனக்கு .308 வின்செஸ்டர். காரணம் ஈயம்.

நீ சுட்டுக் கொண்டுவரும் இறைச்சி ஒரு வீட்டில் நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒஸ்லோவில் உன் அக்காவின் பிள்ளைகள், லோரென்ஸ்கூக்கில் சித்தி வீடு, எல்லாருக்கும் பிரட்டலும் குழம்புமாகப் போகும். ஈயச் சன்னம் உடம்புக்குள் விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறிக் காயத்தைச் சுற்றிய இறைச்சியில் தங்குகிறது. 2013இல் இங்குள்ள உணவுப் பாதுகாப்புக்கான அறிவியல் குழு இதைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்று கொடுத்தது. சின்னப்பிள்ளைகளுக்கும் வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் ஈயம் கொஞ்சம் என்றாலும் நல்லதல்ல. காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்தால் பெரும்பகுதி போகும், நான் அப்படித்தான் செய்துவந்தேன். ஆனால் இப்போது தொடங்குகிற நீ செம்புச் சன்னத்திலேயே தொடங்கு.

செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடை வேண்டுமென்றால் சன்னம் நீளமாக வேண்டும். 6.5 போன்ற ஒல்லிக் குழலில் அது நெருக்கடி. சட்டம் கேட்கிற எடையையும் சக்தியையும் செம்பில் சேர்த்துப் பிடிப்பது கடினம். .308இன் வாய் அகலம், 150 கிரெயின் செம்பும் 165 கிரெயின் செம்பும் அதில் வசதியாக இருக்கும், சட்டக் கணக்கும் சரிவரும். இன்னொன்று, செம்பு விரிய வேகம் வேண்டும். உங்கள் பள்ளத்தாக்கில் நீ நிற்கப்போகிற காவலிடங்களில் நூறு மீட்டருக்கு மேல் வெடி வைக்கச் சந்தர்ப்பம் அரிது. அந்தத் தூரத்தில் வேகத்துக்குக் குறை இல்லை. மாக்னத்தின் தட்டையான பறப்பு முந்நூறு மீட்டருக்கு மலைச்சரிவில் சுடுகிறவனுக்கு உதவும். பைன் காட்டுக்குள் அது வெறும் உதைதான். உதை என்று சும்மா சொல்லவில்லை. ஒரே எடையுள்ள துவக்கில் .300 மாக்னத்தின் பின்னுதைப்பு 6.5×55 உடையதன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. .308 இரண்டுக்கும் நடுவில், சின்னதின் பக்கமாக நிற்கிறது.

குழுவில் .30-06 என்பார்கள். நல்ல ரவை, 1906இலிருந்து இருக்கிறது. .308ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்யும், கொஞ்சம் கூடுதலாக உதைக்கும். யாராவது உன் அளவுக்குச் சரியான ஒன்றை விற்றால் மறுக்காதே. வயதானவர் ஒருவர் 9.3×62 என்று கட்டாயம் சொல்வார். 1905இல் பெர்லினில் ஓட்டோ பொக் என்பவர் ஆபிரிக்காவுக்குப் போகிற ஜெர்மன்காரர்களுக்காகச் செய்தது. எல்க்கை அருமையாக விழுத்தும், இறைச்சியையும் அதிகம் கெடுக்காது. ஆனால் உதை தோளைத் தள்ளும். பாரமான சன்னம் பற்றைகளை வெட்டிக்கொண்டு போகும் என்று அவரே சொன்னால் தலையாட்டிவிட்டு விடு. எந்தச் சன்னமும் கிளையில் பட்டால் திசைமாறும். பற்றைக்குள்ளால் சுடாதே, அவ்வளவுதான்.

மறுபக்கமாகவும் ஒருவர் வருவார். பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார், பெரும்பாலும் 7×57 என்ற சின்ன ரவையால், ஆகவே சின்னதே போதும் என்பார். கதை உண்மைதான். ஆனால் அந்த மனிதர் யானை மண்டையோட்டை வாளால் நெடுக்காக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படித்தவர். அதில் இருந்து நீ எடுக்கவேண்டியது அந்த அறுத்துப் பார்த்தலைத்தான். செப்டம்பரில் முதல் எல்க் விழுந்ததும், தோலுரிக்கிற இடத்தில் கையைக் கழுவிவிட்டு ஒதுங்கி நிற்காதே. விலாவுக்குள் எட்டிப் பார். நுரையீரல் எவ்வளவு முன்னால், எவ்வளவு கீழே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார். எந்தப் படமும் அதைச் சொல்லித்தராது.

இனி உன் உடம்பு. நான் மிக வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இங்கே கடையில் தொங்கும் துவக்குகள் ஆறடி ஆண்களின் கையை நினைத்துச் செய்தவை. பிடங்கு நீளமாக இருந்தால் தலையை முன்னுக்கு நீட்ட வேண்டும், தோளின் சரியான குழியில் அது உட்காராது, மேற்கையில் உட்காரும். அப்போது .308கூட மாக்னம்போல் நோகும். உன் உயரத்துக்குப் பிடங்கு குறுக வேண்டும். அதுவும் வேட்டை நாளில் நீ போடப்போகிற தடித்த ஜாக்கெட்டோடு அளந்து. இன்னொன்று, நீ இடதுகைக்காரி. சின்ன வயதில் பாட்டி உன் கையைத் தட்டித் தட்டி வலதுகையால் சாப்பிடப் பழக்கினா. துவக்கில் யாரையும் அப்படித் தட்ட விடாதே. இரண்டு கண்ணையும் திறந்தபடி விரலை நீட்டித் தூரத்தில் ஒரு மரத்தைக் காட்டு, பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் மரத்தை விட்டு விலகவில்லையோ அதுதான் உன் குறிக் கண். அது இடது என்றால் இடதுகைப் போல்ட் வாங்கு. ஃபின்லாந்தின் டிக்காவில் இடதுகை வகை இருக்கிறது, .308இலும் வருகிறது, விலையும் எட்டாத விலை அல்ல. அந்த மாக்னம் வலதுகைத் துவக்காகத்தான் இருக்கும். அது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல.

கடையில் இப்படிச் செய். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு எடு. உனக்குச் சுகமான இடத்தில் கன்னத்தை வை. பிறகு கண்ணைத் திற. ஸ்கோப்பின் நடுவில் முழு வட்டமும் வெளிச்சமாகத் தெரிந்தால் அது உன் துவக்கு. கழுத்தை அசைத்துத் தேடவேண்டி இருந்தால் பிடங்கோ ஸ்கோப்போ மாற வேண்டும். ஸ்கோப்பில் காசு மிச்சம் பிடிக்காதே, துவக்குக்குக் கொடுத்த அளவுக்கே கொடு. எல்க் வருவது விடியலிலும் பொழுதுபடும்போதும்தான். பெருக்கம் குறைந்த பக்கம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது மீட்டரில் எல்க் வந்தால் ஸ்கோப் முழுக்க மயிர்தான் தெரியும், எந்த இடம் என்று தெரியாது.

சத்தம் குறைக்கும் குழலை முதல் நாளே பூட்டு. இங்கே சட்டப்படி வாங்கலாம், கனபேர் பூட்டுகிறார்கள். நான் தொடங்கிய காலத்தில் அது வழக்கத்தில் இல்லை. காட்டில் காதுமூடி போட்டால் நாய் குரைப்பது கேட்காது என்று வெறுங்காதோடு நின்றேன். வலதுகைக்காரனுக்கு இடது காதுதான் குழல் பக்கம். இப்போது உன் குரல் எனக்குப் பாதி. உன் காதையும் உன்னோடு வருகிற நாயின் காதையும் அந்தக் குழல் காப்பாற்றும். உதையும் குறையும், துவக்கின் வாய் துள்ளாது. அதைப் பூட்டினால் துவக்கு நீளும் என்பதால் துவக்கின் குழல் குறுகியதாக வாங்கு. .308 குறுங்குழலிலும் வேகத்தை அதிகம் இழக்காது. அந்த ரவையைத் தெரிந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாக்னத்தில் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசை ரவையில் போடு. மூன்று வகைச் செம்பு ரவையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி எது உன் குழலில் ஒன்றாகக் கூடி விழுகிறது என்று பார். துவக்குக்குத் துவக்கு அது மாறும். பிடித்ததைக் கண்டபிறகு மாற்றாதே. சோதனைச் சூட்டுக்கு முன்னால் முப்பது ரவை பயிற்சி என்பது சட்டம் கேட்கிற ஆகக் குறைந்த அளவு. நூறு மீட்டரில் ஐந்து ரவை முப்பது சென்ரிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் பத்திரம் தருவார்கள். ஆனால் காட்டில் மேசையும் இல்லை, மணல்மூட்டையும் இல்லை. முழங்காலில் இருந்து சுட்டுப் பழகு. ஒரு தடியில் சாய்த்துச் சுட்டுப் பழகு. மலையேறி ஓடிவந்து, மூச்சு வாங்க வாங்கச் சுட்டுப் பார். வீட்டில் வெற்று ரவையோடு இரவில் பத்துத் தரம் விசையை அழுத்து, குறி அசையாமல் இருக்கும்வரை. உங்கள் ஊரிலும் சூட்டுச் சங்கம் இருக்கும். 1893இலிருந்து இயங்குகிற தன்னார்வச் சூட்டு அமைப்பின் கிளை இல்லாத பள்ளத்தாக்கு அரிது. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுடுவதைப் போய்ப் பார். அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகு, பெருமை பாராமல்.

இனி அம்மா. அவ போன கிழமை என்னிடம் அழுதா. இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொன்னா, ஆனால் சொல்கிறேன். துவக்கு என்ற சொல்லுக்கு அவவின் மனதில் வேறு படங்கள் இருக்கின்றன. நீ பிறக்க முந்திய படங்கள். சந்தியில் நின்றவன் கையில் இருந்தது, இரவில் கதவைத் தட்டியவன் கையில் இருந்தது. அதை விட்டு ஓடிவந்த பிள்ளையின் பிள்ளை காசு கொடுத்து அதை வாங்குவது அவவுக்கு விளங்கவில்லை. எனக்கும் முதல் வருசம் துவக்கைத் தொடும்போது கை குளிர்ந்தது. நீ அவவோடு வாதாடாதே. வாங்கியதும் உருக்குப் பெட்டியை அவவிடம் காட்டு. திறப்பு எங்கே இருக்கிறது, ரவை எங்கே தனியாகப் பூட்டியிருக்கிறது என்று காட்டு. பொலிஸ் தந்த அனுமதிப் பத்திரத்தைக் காட்டு. முதல் இறைச்சியை அவவின் கையிலேயே கொடு. சமைக்கச் சொல்லாதே. அவவே கேட்பா, எப்படிச் சமைக்கிறது என்று. அப்பா கொண்டுவந்த மரை இறைச்சியை எங்கள் அம்மா வெயிலில் வத்தல் போட்டது அவவுக்கும் நினைவிருக்கும்.

உங்கள் குழுவில் மாக்னம் தருகிறவரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடு. நல்ல மனதோடுதான் தருகிறார். வேறு காரணம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, இடதுகை என்று சொன்னால் போதும்.

வருகிற சனிக்கிழமை எல்வருமுக்கு வா. காலை பத்துமணிக்குத் திடல் திறக்கும். உன் ஒக்டோபர் ஜாக்கெட்டையும் கொண்டுவா, வெயிலாக இருந்தாலும். என் 6.5 வலதுகைத் துவக்கு, ஆனாலும் ஒவ்வொரு ரவையாக ஏற்றி இடது தோளில் வைத்துச் சுட்டுப் பார்க்கலாம், உதை எப்படி என்று அறிய. ஏற்றுவது நான். எது உண்மை ரவை, எது வெற்று ரவை என்று உனக்குச் சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு மாமி புட்டும் எல்க் பிரட்டலும் செய்வா. போன வருசத்து இறைச்சியில் கடைசி ஒரு பொதி குளிரூட்டியில் இருக்கிறது, உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மாமா